ஜீப்புக்குள் சாமான் வைக்க: லாச்சியா, கட்டிய பெட்டியா, மோலிப் பலகையா?

போன வருடம் ஆகஸ்ட் மாதம், புத்தளத்திலிருந்து அநுராதபுரம் போகும் வீதியில் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினேன். மாடு தப்பியது. ஆனால் என் சுசுக்கி ஜிம்னி ஜீப்பின் பின்னால் கட்டாமல் வைத்திருந்த 20 லீட்டர் தண்ணீர்க் கேன், மடக்கியிருந்த பாதி இருக்கையின் மேலால் சறுக்கி வந்து, மற்றப் பாதியில் இருந்த அக்கா மகனின் முழங்கையை உரசிக்கொண்டு முன் இருக்கையின் முதுகில் மோதியது. அவனுக்கு ஒன்பது வயது. ஒரு கீறலோடு போயிற்று. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

வெள்ளவத்தைக்குத் திரும்பியதும் வண்டிக்குள் சாமானை ஒழுங்காக வைக்க என்ன வழி என்று தேடத் தொடங்கினேன். ஒரு லாச்சித் தொகுதி (இழுப்பறைகள்) செய்வித்து, நான்கு மாதத்தில் கழற்றினேன். பிறகு பெட்டிகளைப் பட்டியால் கட்டிப் பார்த்தேன். யன்னலுக்கு மோலிப் பலகை, அதாவது பைகள் மாட்டத் துளைகள் வெட்டிய உலோகப் பலகை, பூட்டினேன், அது இன்னும் இருக்கிறது. இதைக் கேள்விப்பட்டு இந்த வருடம் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். "அண்ணா, எதைப் போடுறது?"

ஒருவர் புதிதாகக் கலியாணமான தம்பி. ஜிம்னி வைத்திருக்கிறார், மாதம் ஒருமுறை மனைவியோடு மலைப்பக்கம் போவார். இரண்டாமவர் கொட்டாஞ்சேனையில் மூன்று பிள்ளைகளோடு இருக்கும் நண்பர், அவரிடம் மொன்டேரோ. மூன்றாமவர் நீர் வழங்கல் வேலையாக மன்னார், முல்லைத்தீவு என்று மாதத்தில் பாதி நாள் களத்தில் நிற்கிற பொறியியலாளர், அவரிடம் பிராடோ. மூவருக்கும் நான் சொன்ன விடை ஒன்றல்ல. ஏன் என்று விளங்க, முதலில் எதை வைத்து அளப்பது என்று பார்த்துவிடுவோம்.

## எதை வைத்து அளப்பது

எடை மிச்சம். கடைக்காரர் யாரும் இதைக் கேட்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை. 2018இல் வந்த ஜேபி 74 ஜிம்னியின் வெறும் எடை சுமார் 1,100 கிலோ. ஆட்கள், சாமான், எண்ணெய் எல்லாம் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,435 கிலோ. இடையில் இருப்பது முந்நூற்றுச் சொச்சம் கிலோதான். எழுபது கிலோ ஆட்கள் நான்கு பேர் ஏறினால் 280 போய்விடும். மீதி ஐம்பது கிலோவுக்குள் கூடாரம், தண்ணீர், அடுப்பு, இழுவைக் கயிறு எல்லாம் அடங்க வேண்டும். பிராடோ, மொன்டேரோ போன்ற பெரிய வண்டிகளில் இந்த மிச்சம் ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே ஜிம்னிக்காரர் முதலில் கேட்க வேண்டியது, சாமான் வைக்கும் பொருளே வெறுமையாக எத்தனை கிலோ என்பது.

பிடிப்பு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி, ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கில் நின்றுவிட்டது என்று வையுங்கள். உள்ளே கட்டாமல் கிடக்கும் ஒவ்வொன்றும் தன் எடையைப் போல் கிட்டத்தட்ட 14 மடங்கு விசையோடு முன்னுக்குப் பாயும். 20 கிலோ பெட்டி அந்தக் கணத்தில் 280 கிலோவாகி உங்கள் பிள்ளையின் இருக்கை முதுகைத் தள்ளும். எனக்கு நடந்தது வெறும் பிரேக். அது மோதலாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை. கொழும்பில் எங்களில் பெரும்பாலானோருக்கு ஒரே வண்டி. சனி, ஞாயிறில் காட்டுக்குப் போகும் அதே ஜீப்தான் திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடம் போகிறது, மாலையில் மரக்கறிச் சந்தைக்கும் அம்மாவை மருத்துவமனைக்கும் போகிறது. ஞாயிறு இரவு களைத்து வந்து, ஒரே ஆளாக, பத்து நிமிடத்தில் கழற்ற முடியுமா? முடியாததை அங்கேயே விட்டுவிடுவோம். விட்டுவிட்டால் வாரம் முழுக்க அதன் எடையைச் சுமந்து பெற்றோல் எரிப்போம்.

கைக்கு எட்டுதல். மழையில், சேற்றில், இருட்டில், வேண்டிய சாமான் ஒரே அசைவில் வருமா? கூடவே, உங்கள் வாகனத் தரிப்பிடத்தில் பின் கதவு முழுதாகத் திறக்குமா?

உப்பும் ஈரமும் புழுதியும். மரைன் டிரைவ் பக்கம் நிற்கும் வண்டிக்குக் கடல் உப்பு, மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, வில்பத்துப் பக்கம் போனால் மணல், உலர் வலயம் எங்கும் செம்புழுதி. வெளிநாட்டுப் படங்களில் அழகாகத் தெரியும் பொருள் இந்த மூன்றையும் தாங்குமா என்பது தனிக் கேள்வி.

துளை. 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025இல்தான், அதுவும் கடும் வரியோடு. இன்று கையில் இருக்கும் ஜீப்பை அடுத்த பத்து வருடமும் வைத்திருக்கப் போகிறோம் என்றே பலரும் கணக்குப் போடுகிறோம். தரைத் தகட்டில் போடும் ஒவ்வொரு துளையும் துருவுக்கு ஒரு வாசல். விற்கும்போது வாங்குகிறவரின் கண் முதலில் போவதும் அங்கேதான்.

சட்டப் பக்கமும் ஒன்று உண்டு. வண்டியின் பதிவுச் சான்றிதழில் இருக்கைகளின் எண்ணிக்கை எழுதப்பட்டிருக்கிறது. பின் இருக்கையை மடக்குவது வேறு, நிரந்தரமாகக் கழற்றி வீட்டில் வைப்பது வேறு. அப்படிச் செய்ய நினைத்தால் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக் கம்பனியிலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விபத்துக்குப் பிறகு கேட்கிற கேள்வி அல்ல இது.

## லாச்சித் தொகுதி

டிக்கியின் தரை முழுவதையும் மூடி, உள்ளே ஒன்றோ இரண்டோ நீள லாச்சி, மேலே சமதளப் பலகை. அவுஸ்திரேலியாவில் பரவலாகப் போடுவது இதுதான். பார்த்தால் ஆசை வரும், எனக்கும் வந்தது.

இங்கே இதற்கு இரண்டு வழி. ஒன்று, ஆயத்தமாக இறக்குவிப்பது. கப்பல் கூலியும் சுங்க வரியும் சேர்ந்தால் பொருளின் விலையை விட மேலே போகலாம். மற்றது, நல்ல தச்சு பாஸ் ஒருவரைப் பிடித்துப் பிளைவுட்டில் செய்விப்பது. நான் செய்வித்தது இரண்டாவது.

எடையிலிருந்து தொடங்குகிறேன். 8 அடிக்கு 4 அடி, 12 மில்லிமீட்டர் பிளைவுட் தாள் ஒன்று சுமார் 23 கிலோ. 18 மில்லிமீட்டர் என்றால் 35. பிராடோ அளவு டிக்கிக்கு இரண்டு தாள் போகும். லாச்சி ஓடும் தண்டவாளம், பூட்டு, போல்ட் எல்லாம் சேர்ந்தால் ஒரு கரண்டிகூட வைக்காமலே ஐம்பது கிலோ தாண்டும். உருக்குத் தகட்டில் செய்தாலும் தப்ப முடியாது. ஒன்றரை மில்லிமீட்டர் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 12 கிலோ வரும். 2 மில்லிமீட்டர் அலுமினியம் ஐந்தரைக் கிலோவுக்குள் அடங்கும், ஆனால் அதை ஒழுங்காக ஒட்டவைக்கும் வெல்டிங் கை எல்லாக் கராஜிலும் இல்லை.

இந்த எடை பின் அச்சுக்கு மேலேயோ அதற்கும் பின்னாலோ உட்காருகிறது. பின் ஸ்பிரிங் இறங்கும். முன் விளக்கு மேலே பார்க்கும், எதிரே வருகிறவர் திட்டுவார். பிறகு ஸ்பிரிங் மாற்ற வேண்டும், அதற்கேற்ப ஷொக் அப்ஸோபர் மாற்ற வேண்டும். லாச்சியின் விலையைக் கேட்கும்போது இந்தச் செலவையும் அதே தாளில் எழுதுங்கள். என் சின்ன ஜிம்னியில் லாச்சியோடு நாலு பேர் ஏறியதும் வேகத்தடை ஒவ்வொன்றிலும் பின்பக்கம் இடித்தது.

அடுத்தது மரம். எம்.டி.எஃப் பலகை வேண்டவே வேண்டாம், ஒரு மழைக்காலத்தில் ஓரம் பாண் மாதிரி ஊதிவிடும். தண்ணீர் தாங்கும் பசையில் செய்த மெரைன் பிளைவுட் வாங்கி, வெட்டிய ஓரங்கள் அத்தனைக்கும் இரண்டு பூச்சு வார்னிஷ் அடிக்கச் சொல்லுங்கள். எனக்குச் செய்து தந்த இடத்தில் மேற்பரப்புக்கு மட்டும் அடித்துவிட்டு, ஓரத்தைக் கம்பளத்தால் மூடிவிட்டார்கள். இரண்டாம் மாதமே கம்பளம் மணக்கத் தொடங்கியது. உரித்துப் பார்த்தால் உள்ளே கறுப்புப் பூஞ்சணம். கம்பளத்துக்குப் பதில் மெல்லிய இறப்பர் விரிப்பைத் தேர்ந்தெடுங்கள், கழற்றி உதறலாம், கழுவலாம்.

தண்டவாளம்தான் லாச்சியின் உயிர். அலுமாரிக்குப் போடும் சாதாரணத் தண்டவாளம் வீட்டில் அசையாமல் நிற்கும் லாச்சிக்கானது, கரடுமுரடான பாதையின் அதிர்வுக்கு அது வராது. கனரகத் தண்டவாளம் வாங்கும்போது அதில் எழுதியிருக்கும் சுமை ஒன்றுக்கா, சோடிக்கா என்று கேளுங்கள். மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் பூட்டிக்கொள்ளும் வகை கட்டாயம் வேண்டும். ஹுன்னஸ்கிரியவிலிருந்து மீமுரே இறங்கும் பாதையில் வண்டியைச் சரிவில் நிறுத்திப் பின் கதவைத் திறந்தபோது, பூட்டில்லாத என் லாச்சி முழுச் சாமானோடு தானாக வெளியே வந்தது. முழங்காலுக்கு நேரே வந்தது. இன்னொரு விஷயம், கிறீஸ் பூசாதீர்கள். செம்புழுதி கிறீஸில் ஒட்டினால் அது அரைக்கும் பசையாகிவிடும், தண்டவாளத்துக்குள் உருளும் குண்டுகள் தேய்ந்துவிடும். உலர்ந்த மசகு தெளிப்பான் போதும்.

கொழும்புக்கே உரிய ஒரு தடையைச் சொல்ல வேண்டும். தொண்ணூறு சென்ரிமீட்டர் லாச்சி திறக்கப் பின்னால் தொண்ணூறு சென்ரிமீட்டர் வெளி வேண்டும், நீங்கள் நிற்க இன்னும் அரை மீட்டர். ஜிம்னியின் பின் கதவோ பக்கவாட்டில் திறப்பது. எங்கள் மாடிக் குடியிருப்பில் எனக்குப் பின்னால் சுவர், பக்கத்தில் அடுத்தவரின் கார். வீட்டில் வைத்துச் சாமான் அடுக்கவே முடியவில்லை. வண்டியை வீதிக்கு எடுத்து வந்து, காலி வீதிப் போக்குவரத்துக்கு நடுவில் அடுக்கினேன். இதை நான் முன்னமே அளந்து பார்த்திருக்க வேண்டும். நீங்கள் அளந்து பாருங்கள்.

வண்டியின் ஜாக்கும் சில்லுக் கழற்றும் சாவியும் எங்கே இருக்கின்றன என்பதையும் பாருங்கள். பல ஜீப்புகளில் அவை டிக்கித் தரைக்குக் கீழேயோ பக்கச் சுவர் மூடிக்குப் பின்னாலோ இருக்கும். லாச்சி அந்த மூடியை அடைத்தால், பஞ்சரான இரவில் முழுத் தொகுதியையும் இறக்க வேண்டி வரும்.

இவ்வளவும் சொன்னாலும், பூட்டி வைக்க இதற்கு ஈடு வேறில்லை. கருவிகள், கமரா, அளவைக் கருவி என்று விலையுள்ள பொருள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரந்தர இடம் இருக்கும். வருடத்தில் நூறு நாளுக்கு மேல் ஓரிருவராகக் களத்தில் நிற்பவருக்கு, பெரிய வண்டியும் இருந்தால், லாச்சிதான் சரி.

## கட்டிய பெட்டி

மூடியுள்ள உறுதியான பிளாஸ்டிக் பெட்டிகள், அடியில் வழுக்காத இறப்பர் விரிப்பு, வண்டியின் கொக்கிகளில் மாட்டி, பற்சில்லுப் பிடியால் இறுக்கும் ரெச்சட் பட்டி. இவ்வளவுதான். ஆனால் மூன்று வழிகளிலும் அதிகம் பிழை நடப்பதும் இதில்தான், எளிது என்று நினைத்து அரைகுறையாகச் செய்வதால்.

பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் மூடியைப் பாருங்கள். வீட்டில் உடுப்பு வைக்கும் மெல்லிய பெட்டியின் மூடி, மேலே பட்டி இறுக்கினால் நடுவில் பள்ளம் விழுந்து, பக்கம் பிதுங்கிவிடும். நீங்கள் மேலே ஏறி உட்கார்ந்தாலும் வளையாத மூடி வேண்டும். பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு என் கணக்கு, நிரப்பிய பிறகு 15 கிலோ தாண்டக் கூடாது. நான்காம் மாடிக்கு லிப்ட் வேலை செய்யாத நாளில் ஒரு கையால் தூக்க வேண்டியிருக்கும். ஒரு பெரிய பெட்டியை விட மூன்று சிறிய பெட்டிகள் நல்லது. குசினிச் சாமான் ஒன்றில், வண்டிக் கருவிகள் ஒன்றில், ஈரமானால் கெட்டுவிடும் துணிமணி ஒன்றில். குசினிப் பெட்டி நேரே வீட்டுக் குசினிக்குப் போகும், கேத்தலும் கோப்பையும் கழுவி அதே பெட்டியில் திரும்பிவிடும். இது லாச்சியில் கிடைக்காத வசதி.

ஜேபி 74இல் இருக்கைகள் நிமிர்ந்திருக்கும்போது பின்னால் 85 லீட்டர் இடம்தான். நான்கு தண்ணீர்க் கேன் வைத்தால் நிரம்பிவிடும். ஆகவே ஜிம்னியில் இந்த வழி, பின் இருக்கையை மடக்கி இரண்டு பேராகப் போகும்போதுதான் முழுதாக வேலை செய்யும்.

இனி கட்டுவது. மளிகைச் சாமான் கட்டும் கொக்கி வைத்த இறப்பர் பட்டிகளை வண்டிக்குள் பாவிக்காதீர்கள். அவை இழுபடும், பிரேக்கில் பெட்டி நகரும், கொக்கி நழுவினால் கண்ணை நோக்கித்தான் பாயும். பொலியெஸ்ரர் ரெச்சட் பட்டி வாங்குங்கள். நைலோன் நனைந்தால் தளரும், பொலியெஸ்ரர் அவ்வளவு தளராது. பட்டியில் தைத்திருக்கும் சீட்டில் இரண்டு எண் இருக்கும்: அறுந்துபோகும் சுமை, பாதுகாப்பாகத் தாங்கும் வேலைச் சுமை. சிறிய எண்ணான வேலைச் சுமையைத்தான் பார்க்க வேண்டும். பெட்டிக்கு இரண்டு பட்டி போடுங்கள், ஒன்று முன்னுக்குப் பாயாமல் தடுக்க, மற்றது மேலே எழும்பாமல் தடுக்க. கல்லுப் பாதையில் பெட்டி மேல்நோக்கித்தான் அதிகம் துள்ளும்.

பட்டியை எங்கே மாட்டுவது? டிக்கிக்குள் இருக்கும் எல்லா வளையமும் சுமை தாங்காது. சில வெறும் வலை மாட்டுவதற்கானவை, பிளாஸ்டிக் மூடியில் திருகியவை. வண்டியின் கையேட்டில் சுமை கட்டும் புள்ளி என்று காட்டியிருப்பவற்றை மட்டும் நம்புங்கள். இல்லாவிட்டால் தரையில் கண் போல்ட் போட வேண்டும். அப்படிப் போட்டால் தகட்டுக்குக் கீழே உள்ளங்கை அளவு இரும்புத் தகடு வைத்து இறுக்குங்கள், சின்ன வாஷரோடு விட்டால் இழுக்கும்போது போல்ட் அறாது, தரைத் தகடுதான் கிழியும். துளை போட்ட உடனேயே துரு தடுக்கும் பூச்சு அடித்து, சுற்றிவர சீலண்ட் வையுங்கள். கீழே எண்ணெய்த் தாங்கியும் பிரேக் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்காமல் துளைக்கருவியைத் தொடாதீர்கள். ஆசனப்பட்டி போல்ட்டைக் கழற்றி அதன் இடத்தில் சந்தையில் வாங்கிய கண் போல்ட்டைப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள். அந்தப் போல்ட் ஒரு உயிருக்காக இருக்கிறது.

மறைந்த செலவு இதில் பணமாக வராது, நேரமாக வரும். ஒவ்வொரு முறையும் அவிழ்த்துக் கட்ட வேண்டும். அடியில் இருக்கும் பெட்டி வேண்டுமென்றால் மேலே இருப்பதை இறக்க வேண்டும். மழையில் இது எரிச்சல். அதோடு, பெட்டி கண்ணுக்குத் தெரியும். நகரத்தில் நிறுத்திவிட்டுப் போகும்போது மேலே கறுப்புப் படங்கு ஒன்று போட்டு மூடுகிறேன், ஆனால் கண்ணாடியை உடைக்க நினைப்பவனுக்கு அது தடையல்ல.

ஒரு எச்சரிக்கை எல்லா வழிக்கும் பொது. அடுப்புக்கான சிறு கேஸ் போத்தல்களில் 50 பாகைக்கு மேல் சூடாகக் கூடாது என்று அச்சிட்டிருக்கும். பகல் வெயிலில் மூடிய ஜீப் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். 2022இன் எண்ணெய் வரிசைக் காலத்தில் வாங்கிய பெற்றோல் கேனை இன்றும் டிக்கியில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் வண்டிக்குள் நிரந்தரமாக வைக்காதீர்கள், எவ்வளவு அழகான லாச்சியாக இருந்தாலும்.

## மோலிப் பலகை

அமெரிக்க இராணுவம் 1990களின் இறுதியில் கொண்டுவந்த சுமைப் பை முறையிலிருந்து வந்த பெயர் இது. ஒரு அங்குல அகலப் பட்டிகள், இடையில் ஒரு அங்குல இடைவெளி, ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு தையல். அதே அளவில் துளைகள் வெட்டிய உலோகப் பலகையைப் பின்பக்க யன்னலுக்கு உள்ளே பூட்டினால், அந்த அளவுக்குத் தைத்த எந்தப் பையையும் அதில் மாட்டலாம்.

இதன் நல்ல குணம், தரையில் ஓர் அங்குலம்கூட எடுப்பதில்லை. பிள்ளைகள் பின்னால் இருக்கலாம், டிக்கியும் காலியாக இருக்கும். முதலுதவிப் பை, கைவிளக்கு, டயர் காற்று மானி, கையுறை, சிறு தீயணைப்பான் என்று அவசரத்துக்கு வேண்டியவை கண்ணெதிரே தொங்கும். ஜேபி 74இன் பின் சுவரில் இப்படிப்பட்ட பொருத்துகளுக்காகத் திருகுத் துளைகளைத் தொழிற்சாலையே வைத்திருக்கிறது, புதிதாக ஒன்றும் துளைக்க வேண்டியதில்லை. பழைய ஜிம்னியிலும் மொன்டேரோவிலும் உள் மூடியைக் கழற்றி இடம் தேட வேண்டும்.

கெட்ட குணம், எடையை மேலே ஏற்றுகிறது. தோள் உயரத்தில் தொங்கும் கனமான பொருள் விபத்தில் தலைக்கு நேரே வரும். என் வண்டியில் ஒரு பக்கத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் மாட்டுவதில்லை. கோடரி, மண்வெட்டி, ஹைலிஃப்ட் ஜாக் போன்றவற்றை இதில் மாட்டியிருக்கும் படங்கள் நிறைய உண்டு. பிள்ளை இருக்கும் வண்டியில் நான் அதைச் செய்ய மாட்டேன். யன்னல் மேல் திரை ஏர்பேக் உள்ள வண்டியென்றால், பலகையின் மேல் ஓரமோ போல்ட்டோ ஏர்பேக் விரியும் பாதையில் இருக்கவே கூடாது. பக்கப் பார்வையும் குறையும். கொழும்பில் பின்னுக்கு எடுக்கும்போது இடது பின் யன்னலால்தான் முச்சக்கர வண்டியைப் பார்ப்பீர்கள், அதை மறைக்காத அளவுக்குப் பலகையின் உயரத்தைத் தெரிவு செய்யுங்கள்.

கடற்கரைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. அலுமினியப் பலகையைத் துருப்பிடிக்காத உருக்குப் போல்ட்டால் நேரே இறுக்கினால், உப்புக் காற்றில் அலுமினியம் அரித்து வெள்ளைத் தூளாகும். இரண்டு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் இப்படி நடக்கும். நடுவில் நைலோன் வாஷர் வைத்தால் போதும், சில்லறைக் காசு. உருக்குப் பலகையென்றால் பவுடர் பூச்சு போதும், ஆனால் பூச்சு அடித்த பிறகு புதிய துளை போட்டால் அந்த விளிம்பிலிருந்தே துரு தொடங்கும்.

பலகை மலிவாகத் தெரியும். பைகள்தான் காசைத் தின்னும், ஒவ்வொன்றாக வாங்கி முடிக்கும்போது பலகையின் விலையைத் தாண்டியிருக்கும். நான் குஷன் பாஸ் ஒருவரிடம் கன்வஸ் துணி கொடுத்து என் அளவுக்கு நான்கு பை தைப்பித்தேன். நன்றாக இருக்கின்றன.

## சின்னச் சின்ன வழிகள்

கூரைக்குக் கீழே கட்டும் வலையில் போர்வை, தொப்பி, மழை உடுப்பு தவிர வேறெதுவும் வேண்டாம். இருக்கை முதுகுப் பை பிள்ளைகளின் கச்சான் பக்கற்றுக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் நல்லது. முன் இருக்கைகளுக்கு நடுவே பூட்டும் இரும்புப் பெட்டி, பணப்பையும் கமராவும் விட்டுவிட்டுக் கடலில் குளிக்கப் போகிறவர்களுக்கு உண்மையிலேயே உதவும், லாச்சி இல்லாத வண்டியில் பூட்டு என்ற குறையை அது தீர்க்கும்.

வெளிக் கூரையில் ஏற்றினால் என்ன என்று கேட்பார்கள். ஜேபி 74இன் கூரை தாங்கக்கூடிய சுமை வெறும் 30 கிலோ, அதில் கரியரின் எடையும் சேர்த்தி. சரி, அதை விடுவோம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | லாச்சி | கட்டிய பெட்டி | மோலிப் பலகை |
|---|---|---|---|
| வெறும் எடை | 50 கிலோவும் மேலும் | 10 கிலோவுக்குள் | ஒரு பக்கம் சில கிலோ |
| மோதலில் பிடிப்பு | தரையில் சரியாக இறுக்கினால் மிக நன்று | பட்டியும் புள்ளியும் சரியென்றால் நன்று | இலேசான சாமானுக்கு மட்டும் |
| ஞாயிறு இரவு கழற்ற | இருவர், கருவிகள் | ஒருவர், பத்து நிமிடம் | கழற்ற வேண்டியதில்லை |
| கைக்கு எட்டுதல் | மிக நன்று, பின்னால் வெளி இருந்தால் | அடிப்பெட்டி கடினம் | மிக நன்று |
| பூட்டு | உண்டு | இல்லை | இல்லை |
| துளை | பெரும்பாலும் வேண்டும் | கொக்கி இருந்தால் வேண்டாம் | வண்டியைப் பொறுத்தது |
| எங்கள் காலநிலையில் கவலை | ஓரம் ஊதுதல், தண்டவாளப் புழுதி | பட்டி நைதல் | உலோக அரிப்பு |
| மறைந்த செலவு | ஸ்பிரிங், எண்ணெய், தரிப்பிடம் | நேரம் | பைகள் |
| ஆரம்பச் செலவு | அதிகம் | குறைவு | நடுத்தரம் |

## மூன்று வண்டிக்கு மூன்று விடை

பிராடோவில் மன்னார் போகும் பொறியியலாளருக்கு லாச்சி என்று சொன்னேன், தயக்கமில்லாமல். அவர் ஓரிருவராகவே போகிறார், விலையுள்ள அளவைக் கருவிகள் கொண்டுபோகிறார், வண்டி வார நாளில் பள்ளிக்கூடம் போவதில்லை. முழு அகலத்துக்கும் போடாமல் இடது பக்கம் மட்டும் ஒற்றை லாச்சி, வலது பக்கம் தண்ணீருக்கும் பெரிய குழாய்த் துண்டுகளுக்கும் வெறுந்தரை என்று பிரித்தோம். அதனால் எடை பாதியானது, ஜாக் இருக்கும் மூடியும் திறந்தபடி இருக்கிறது. மாதம் ஒருமுறை தரைப் போல்ட்களைச் சாவி வைத்து இறுக்கிப் பார்க்கிறார். அதிர்வில் அவை தளரும்.

மொன்டேரோ நண்பருக்கு லாச்சி ஆசை மிக அதிகம். ஆனால் அவருடைய வண்டியில் மூன்றாம் வரிசை இருக்கை இருக்கிறது, தாத்தா பாட்டி வந்தால் அது வேண்டும். லாச்சி போட்டால் அது போகும். அதை அவர் மனைவிதான் முதலில் சொன்னார், சரியாகச் சொன்னார். யன்னலுக்கு உயரம் குறைந்த மோலிப் பலகை இரண்டு, நடுவில் பூட்டும் பெட்டி, பயணத்துக்கு மட்டும் இரண்டு பெட்டிகள் என்று முடித்தார்கள். பலகையில் பிள்ளைகளின் தலைக்கு நேரே எதுவும் கடினமானது இல்லை, முதலுதவிப் பையும் துவாய்களும்தான்.

ஜிம்னித் தம்பியைத்தான் இன்னும் சம்மதிக்க வைக்க முடியவில்லை. அவரும் மனைவியும் இரண்டு பேர், எடைக்கு இடம் இருக்கிறது, ஆகவே லாச்சி தாங்கும் என்கிறார். தாங்கும்தான். ஆனால் அவர்கள் வீட்டிலும் தரிப்பிடத்துக்குப் பின்னால் சுவர். அதோடு அடுத்த வருடம் பின் இருக்கையில் பிள்ளை இருக்கை பூட்ட வேண்டி வரலாம் என்று அவர் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னார். நான் பெட்டி என்கிறேன்.

முடிவெடுக்க முன் ஒன்று செய்யச் சொன்னேன், அதையே உங்களுக்கும் சொல்கிறேன். கடையில் வெறும் அட்டைப் பெட்டிகள் வாங்கி, லாச்சி எவ்வளவு உயரம், நீளம் வருமோ அந்த அளவுக்கு ஒட்டி, டிக்கியில் வைத்து இரண்டு வாரம் ஓடுங்கள். வேலைக்குப் போங்கள், சந்தைக்குப் போங்கள், தரிப்பிடத்தில் பின் கதவைத் திறந்து அட்டையை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள். சாமான் அத்தனையையும் வீட்டுத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து ஒரு தாளில் எழுதுங்கள். அவருடைய ஜிம்னியில் இப்போது பால்மா அட்டைப் பெட்டிகளில் செய்த லாச்சி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் வாரம் முடிந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை இருவருமாக, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போகிறோம். தண்டவாளம் வாங்கவா, ரெச்சட் பட்டி வாங்கவா என்பதை அவர் அங்கே போகும் வழியில் சொல்வார்.